"எல்லாரும் செத்துப் போயிட்டாங்க, அப்புறம் இட்லி சாப்பிட்டாங்க": குழந்தைகள் சொல்லும் கதைகளைச் சிரிப்பு நாடகமாக ஒலிப்பதிவு செய்வது எப்படி?

நூலகத்திண்ணை | ஞாயிறு, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறு காலைகளில் 6 முதல் 10 வயது வரையுள்ள 14 குழந்தைகள் கூடுகிறார்கள். தொடக்கத்தில் நாங்கள் கதை படித்துக் காட்டினோம். பிறகு அவர்களே கதை சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன கதைகளுக்கு முன்னால் நாங்கள் படித்துக் காட்டியவை வெளிறிப் போயின. எனவே அவர்களுடைய கதைகளை நகைச்சுவை ஒலி நாடகங்களாகச் செய்து, கைப்பேசியில் பதிந்து, அடுத்த ஞாயிறு அவர்களுக்கே போட்டுக் காட்டலாம் என்று நானும் நண்பர்கள் இருவரும் முடிவு செய்தோம்.

முதலில் எடுத்துக்கொண்டது இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கதை. அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே தருகிறேன்.

"ஒரு எருமை இருந்துச்சு. அதுக்குக் கண்டக்டர் வேலை கெடச்சுது. எல்லாருக்கும் டிக்கெட் குடுத்துச்சு, ஆனா டிக்கெட்டை அதுவே தின்னுடுச்சு. பஸ்ஸுக்குத் தாகம் எடுத்துச்சு. குளத்தைக் குடிச்சிடுச்சு. குளத்துல இருந்த மீனெல்லாம் பஸ்ஸுக்குள்ள வந்து எடம் கேட்டுச்சு. செக்கர் வந்தாரு. மீன்கிட்ட டிக்கெட் இல்ல. அப்புறம் எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டாங்க. எருமைக்கு மட்டும் சட்னி இல்ல."

நாங்கள் இதை உற்சாகமாகவே செய்தோம். எருமைக்கு ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகரின் குரலைப் போலப் பேசினோம்; மீன்களுக்குக் கீச்சுக் குரல் கொடுத்தோம்; இடையிடையே பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலியைச் சேர்த்தோம். "செத்துப் போயிட்டாங்க" என்பதை "மயங்கி விழுந்தார்கள்" என்று மாற்றினோம். கடைசியில், பயணச்சீட்டு பெற்றுப் பயணம் செய்வோம் என்று ஒரு வாசகமும் வைத்தோம். போட்டுக் காட்டியபோது 13 குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். கதை சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை. புத்தக அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "இது என் கதை இல்ல" என்றாள்.

எங்கே தவறினோம் என்று ஓரளவு புரிகிறது. எப்படிச் சரிசெய்வது என்பதுதான் புரியவில்லை. நாடகம், வானொலி, ஒலிப்பதிவு ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றாயிருக்கும்.

கட்டியங்காரன் | ஞாயிறு, இரவு 11:15

அந்தச் சிறுமியின் தீர்ப்பு சரியானது. வேடிக்கைக் குரல் என்பது நடிகன் கேட்பவரிடம் கண்ணடிப்பது. "இதெல்லாம் நடக்காது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், இந்தக் குழந்தைக்குத்தான் தெரியவில்லை" என்பதே அதன் பொருள். மற்ற 13 பேர் சிரித்தது குரலுக்கு. கதைக்குச் சிரிப்பதற்கு நீங்கள் அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைக் கேலி செய்வான், பார்வையாளரைக் கேலி செய்வான், சமயத்தில் கதையையே கேலி செய்வான். ஆனால் ராஜா வந்திருக்கிறார் என்பதை ஒரு கணமும் ஐயப்பட மாட்டான். உங்கள் எருமையையும் அப்படித்தான் அணுக வேண்டும். அது ஒரு கண்டக்டர், அவ்வளவுதான். அதன் கவலைகள் ஒரு கண்டக்டரின் கவலைகளே: சில்லறைத் தட்டுப்பாடு, படிக்கட்டில் தொங்குபவர்கள், கணக்கு முடிக்க வேண்டிய நேரம். எருமையாக இருப்பது அதற்கு ஒரு செய்தியே இல்லை. "முன்னாடி போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று களைத்த குரலில் அது சொல்லட்டும்; பின்னால் அசைபோடும் ஓசை மட்டும் மெல்லக் கேட்கட்டும். சிரிப்பு அங்கிருந்து வரும்.

சீட்டைத் தின்னும் இடத்தைப் பாருங்கள். பழைய சீட்டுக் கட்டிலிருந்து சீட்டைக் கிழிக்கும் எந்தக் கண்டக்டரும் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். எருமையும் தொட்டுக்கொள்கிறது. சீட்டு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்த ஏழை எருமை என்ன செய்யும்? குழந்தை சொன்ன ஒரு வரிக்கு உள்ளேயே ஒரு முழுக் காட்சி இருக்கிறது. எங்கள் குழுவில் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தோம்: திருத்தாதே, விரி. குழந்தை வைத்த விதியை மாற்றக் கூடாது. அந்த விதியிலிருந்து என்னென்ன நடந்தே தீருமோ அதைச் சேர்க்கலாம். பேருந்து குளத்தைக் குடித்துவிட்டது என்றால், குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் நனைந்த சட்டையோடு உள்ளே வந்திருப்பார்கள். செக்கர் அவர்களிடமும் சீட்டுக் கேட்டாக வேண்டும். இது விரித்தல். எருமை உண்மையில் கனவு கண்டது என்று முடிப்பது திருத்தல்.

சாவுக்கு வருகிறேன். "எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டாங்க." முப்பது ஆண்டுகளாக நாடகம் எழுதுகிறேன், இந்த இரண்டு வரிகளுக்கு நிகராக ஒன்று எழுதியதில்லை. இதைத்தான் நீங்கள் மயக்கம் போட வைத்துவிட்டீர்கள். முதல் வரியை ஆகாசவாணிச் செய்தியறிக்கைபோல அமைதியாகச் சொல்லுங்கள். பிறகு முழுதாக மூன்று நொடி மௌனம். பின்னணி இசை வேண்டாம், எதுவும் வேண்டாம். அதன் பிறகு இட்லிச் சட்டியின் மூடி திறக்கும் ஓசை. வேறு எதையும் விளக்காதீர்கள்.

கரும்பலகை | திங்கள், காலை 6:50

தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் பகுதியில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் இப்படியொரு குழந்தைக் கதையை நாடகமாகப் போட்டு, அதில் பாட்டி செத்துப் போவது அப்படியே வந்ததால், மறுநாள் பெற்றோர் இருவர் வந்து சண்டை பிடித்தார்கள். அவர்கள் வீட்டில் அந்த மாதம்தான் ஒரு சாவு நடந்திருந்தது. கட்டியங்காரன் சொல்வது கலை நோக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் கேட்பவர்கள் யார் என்று பார்க்காமல் குழந்தை சொன்னதையெல்லாம் ஒலிபரப்ப முடியாது. மேலும், ஒரு நல்ல கருத்தைச் சேர்ப்பதில் அப்படி என்ன குற்றம் இருக்கிறது என்றும் எனக்குப் புரியவில்லை. குழந்தைகளுக்கான கதை என்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தர வேண்டாமா?

மிச்சிகன்_கரை | திங்கள், காலை 8:05

நான் சிகாகோவில் வசிக்கிறேன். நீங்கள் பேசும் இந்த வேலை இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருப்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

1997இல் இந்த ஊரில் பேரல் ஆஃப் மங்கீஸ் என்ற குழு தொடங்கியது. பின்னாளில் அது பெயரை மாற்றிக்கொண்டது. நடிகர்களே அரசுப் பள்ளிகளுக்குப் போய்க் குழந்தைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பார்கள். குழந்தைகள் எழுதியவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அதே பள்ளியில் அந்தக் குழந்தைகள் முன்னாலேயே நடித்துக் காட்டுவார்கள். அதே துண்டுகளை ஊர் மக்களுக்காகவும் அரங்கில் நடிப்பார்கள். 2004இல் தொடங்கிய ஸ்டோரி பைரட்ஸ் குழுவும் இதே வழியில் வந்ததுதான். பள்ளி மேடையில் தொடங்கிய அவர்கள் பின்னர் ஒலி நிகழ்ச்சிக்குப் போனார்கள். குழந்தைகள் அனுப்பும் கதைகளைத் தொழில்முறை நகைச்சுவை நடிகர்கள் பாட்டும் வசனமுமாக நடிக்கிறார்கள். அந்த ஒலி நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நாடகம் முடிந்த பிறகு வருவது. கதை எழுதிய குழந்தையை அழைத்து, ஒரு பெரிய எழுத்தாளரைப் பேட்டி காண்பதுபோலப் பேசுகிறார்கள். பூனை ஏன் வரி கட்டவில்லை என்பது போன்ற ஒரு கேள்விக்குக் குழந்தை தரும் பதிலில் இன்னொரு கதையே ஒளிந்திருக்கும். நூலகத்திண்ணை, அந்தச் சிறுமியிடம் எருமைக்கு ஏன் சட்னி இல்லை என்று கேட்டீர்களா?

இந்த இரு குழுக்களுக்கும் முன்பே இதே ஊரில் விவியன் பேலி என்ற மழலையர் வகுப்பு ஆசிரியை இதைச் செய்துவந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகப் பள்ளியில் பணியாற்றினார். 1989இல் மெக்கார்தர் விருது பெற்றார்; 2019இல் மறைந்தார். குழந்தை சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே வட்டமாக அமர்ந்து அந்தக் கதையை நடிக்கும். தான் எந்தப் பாத்திரம் என்பதைக் கதை சொன்ன குழந்தையே முடிவு செய்யும். எழுதிக்கொள்ளும்போது புரியாத இடத்தில் கேள்வி கேட்பாரே தவிர, கதையைத் தன் விருப்பத்துக்கு வளைக்க மாட்டார். "இது என் கதை இல்ல" என்ற வாக்கியம் அவருடைய வகுப்பில் எழுவதற்கு வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன்.

கரும்பலகை அவர்களுக்கு: இழவு வீட்டுக் குழந்தையின் முன்னால் சாவைப் போட்டுக் காட்டக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு, அந்த ஞாயிறு வேறு கதையைப் போடுவது. கதையை மாற்றுவது தீர்வாகாது.

பழைய_கேசட் | திங்கள், பகல் 1:20

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் நடிகரும் இசையமைப்பாளரும் இருக்கிறார்கள். இங்கே இருப்பது மூன்று பேரும் ஒரு கைப்பேசியும். அதைக் கண்டு ஏங்க வேண்டியதில்லை. நமக்கு வேறு முதல் இருக்கிறது.

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கியவை. வானொலி அண்ணா என்ற சொல்லைக் கேட்டாலே ஞாயிற்றுக்கிழமையின் வாசம் வரும் தலைமுறை என்னுடையது. நான் கேட்டு வளர்ந்த சிறுவர் நிகழ்ச்சிகளில் பெரியவர்கள் எழுதிய வசனத்தைக் குழந்தைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். பத்து வயதுப் பையன், "ஆம் அண்ணா, உழைப்பே உயர்வு தரும்" என்பான். இங்கே நீங்கள் செய்வது அதைத் தலைகீழாக்குவது: குழந்தை எழுதுகிறது, பெரியவர்கள் ஒப்பிக்கிறார்கள். அப்படியானால் கீழ்ப்படிய வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். கரும்பலகை கேட்ட கேள்விக்கு என் பதில் இதுவே. நீதிக்கென்று நமக்கு ஆத்திசூடி முதல் அரசுப் பேருந்தின் முதுகு வரை ஏகப்பட்ட இடம் இருக்கிறது. இந்த நான்கு நிமிடத்தை விட்டுவிடலாம்.

வடிவத்துக்கு ஒரு யோசனை. உங்கள் பேச்சைப் பார்த்தால் தெற்கத்தி ஊர்போலத் தெரிகிறது. வில்லுப்பாட்டை ஏன் பயன்படுத்தக் கூடாது? குழந்தைகளின் கதை "அப்புறம், அப்புறம்" என்றே நகர்கிறது. அதை வெட்டிவிட்டுக் காட்சிகளாக அடுக்கினால் மூச்சு போய்விடும். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" போடுவார், ஐயம் கேட்பார், வியப்பார். "எருமைக்குக் கண்டக்டர் வேலை கிடைத்ததாம்." "ஆமாம்." "ஏன் ஆமாம் என்கிறீர்?" "என் மைத்துனன் அந்தப் பேருந்தில் வந்திருக்கிறான்." இப்படி "ஆமாம்" போடுபவர் கதையை முழுதாக நம்புபவராக இருந்துவிட்டால், கட்டியங்காரன் சொன்ன வேலையில் பாதி முடிந்துவிடும். "அப்புறம்" என்று கேட்கும் பொறுப்பை வேறு குழந்தைகளிடமே கொடுங்கள், எல்லோரும் சேர்ந்து "அப்புறம்?" என்று கத்துவதைப் பதிந்துகொண்டால் அதுவே பல்லவி.

முறமும்_அரிசியும் | திங்கள், இரவு 10:30

ஒலி பற்றி யாரும் பேசாததால் நான் நீட்டுகிறேன். இருபது ஆண்டுகளாக ஒலிப்பதிவுதான் எனக்குச் சோறு போடுகிறது.

முதலில் அறை. நூலகக் கூடத்தில் பதிய வேண்டாம். எதிரொலி எல்லாச் சிரிப்பையும் தின்றுவிடும். வீட்டில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன் உட்காருங்கள்; முதுகுப் பக்கம் ஒரு கனத்த போர்வையைக் கொடியில் தொங்கவிடுங்கள். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். குளிர்பதனப் பெட்டியைத் திரும்பப் போட மறந்து திட்டு வாங்காமலிருக்க, வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது என் வழக்கம். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் "பஸ்", "பை" என்ற சொற்களிலெல்லாம் காற்று மோதி வெடிக்கும். வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பதியாதீர்கள், அது ஒலியை நசுக்கிவிடும். பதிவுச் செயலியில் பதிந்து, கோப்பை ஆவணமாக அனுப்புங்கள். தொகுப்பதற்கு ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் இலவசம். இறுதி ஒலியளவை, ஸ்டீரியோ கோப்பானால் மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) அளவில் வைத்தால், பேருந்தில் கைப்பேசியில் கேட்பவருக்கும் வசனம் புரியும்.

அடுத்தது ஓசைகள். உண்மையான ஓசை ஒலிப்பதிவில் உண்மையாகக் கேட்பதில்லை. இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். எரியும் நெருப்பைப் பதிந்தால் வெறும் இரைச்சலாக இருக்கும். மெல்லிய கண்ணாடித்தாளைக் காதருகே கசக்கினால் நெருப்பு. முறத்தில் அரிசியைப் பரப்பி மெல்லச் சாய்த்தால் கடலலை, சற்று வேகமாகச் சாய்த்தால் மழை. கொட்டாங்கச்சி இரண்டைத் தரையில் தட்டினால் குதிரை. குடையைப் பட் பட்டென்று விரித்து மூடினால் பெரிய பறவையின் சிறகு. எலும்பு முறிய வேண்டுமானால் முருங்கைக்காயை ஒடியுங்கள். பிறகு சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கதைக்கு வருவோம். பேருந்து குளத்தைக் குடிக்கும் ஓசைக்கு, தம்ளரில் கொஞ்சம் நீரை விட்டு உறிஞ்சுகுழலால் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுங்கள். அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஒரு தம்ளர் ஒரு குளமாகிவிடும். மீன்கள் பேருந்தில் ஏறுவதற்கு ஈரத்துணியைத் துவைகல்லில் சொத் சொத்தென்று போடுங்கள். கண்டக்டரின் விசிலை மட்டும் உண்மையான விசிலாகவே வையுங்கள். அதை ஊதிவிட்டு எருமை மூச்சு விடுவதற்கு, வாயை மூடி மூக்கால் நீளமாக மூச்சை வெளியேற்றினால் போதும். இட்லிச் சட்டிக்கு மாற்று வேண்டாம். விடியற்காலையில் உண்மையில் இட்லி வேகும்போதே போய்ப் பதியுங்கள். மூடியைத் திறக்கும்போது உட்பக்கம் தேங்கிய நீர் அடுப்பில் சொட்டிச் சுர்ரென்று அடங்குமே, அதுவரை பதிய வேண்டும்.

கட்டியங்காரன் மூன்று நொடி மௌனம் என்றார். முழு மௌனத்தை வைக்காதீர்கள். கைப்பேசி நின்றுவிட்டதோ என்று கேட்பவர் எடுத்துப் பார்ப்பார். யாரும் பேசாத அறையின் ஓசையை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று நொடியை வெட்டி ஒட்டுங்கள். வெறுமை என்பதையும் பதிந்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

வடமராட்சி | செவ்வாய், காலை 5:45

முறமும் அரிசியும் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். கொட்டாங்கச்சியை நாங்கள் சிரட்டை என்போம். குதிரை எங்களிடமும் ஒரே மாதிரித்தான் ஓடுகிறது.

நான் எழுத வந்தது மொழியைப் பற்றி. மேலே தந்திருக்கும் கதையில் குழந்தை பேச்சுத் தமிழில் சொல்கிறாள். நீங்கள் செய்த நாடகத்தில் கதைசொல்லி எந்தத் தமிழில் பேசினார்? "மயங்கி விழுந்தார்கள்" என்பதைப் பார்த்தால் எழுத்துத் தமிழ் என்று தெரிகிறது. குழந்தையின் சொல்லை எழுத்துத் தமிழுக்கு மாற்றும் அந்தக் கணத்திலேயே பெரியவர்களின் கை நுழைந்துவிடுகிறது என்பது என் அனுபவம். சாவையும் நீதியையும் கவனித்த நீங்கள் இதைக் கவனிக்கத் தவறியிருக்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளை இதே கதையைச் சொன்னால் "எல்லாரும் செத்துப் போட்டினம்" என்றுதான் சொல்லும். அதை "இறந்து போனார்கள்" என்று மாற்றினால் சாவுக்குத் துக்கம் வந்துவிடும். பிள்ளை சொன்னபோது அதில் துக்கம் இருந்ததேயில்லை. மழை பெய்தது என்பதுபோல ஒரு தகவல் மட்டுமே இருந்தது.

ஆனால் எழுத்துத் தமிழை முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். நகைச்சுவைக்கு அது ஒரு பெரிய ஆயுதம். செக்கர் மட்டும் அலுவலகத் தமிழில் பேசட்டும்: "இப்பேருந்தில் பயணம் செய்யும் நீர்வாழ் உயிரினங்கள் அனைத்தும் உரிய பயணச்சீட்டினை உடனடியாகக் காண்பிக்க வேண்டும்." மீன்கள் தம் ஊர்ப் பேச்சில் பதில் சொல்லட்டும். இரண்டு தமிழும் மோதும் இடத்தில் தானாகச் சிரிப்பு வரும், அதிலும் சிரிப்புக்கு ஆளாவது அதிகாரம்தான், குழந்தை அல்ல. இலங்கை வானொலியின் நாடகங்களைக் கேட்டவர்களுக்கு, ஒரு பாத்திரத்தின் ஊரையும் தரத்தையும் முதல் வரியின் வட்டார வழக்கிலேயே காட்டிவிடும் வித்தை தெரிந்திருக்கும். அங்கே சிறுவர் மலர் நிகழ்ச்சியில் பேசிப் பழகிய பிள்ளைகள் பின்னாளில் பெரிய ஒலிபரப்பாளர்களானதும் உண்டு, பி. எச். அப்துல் ஹமீது அந்த வழி வந்தவர்தான்.

கதைசொல்லிக்கு மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வாக்கியங்கள் வரும்போது குழந்தையின் சொல்லே வரவேண்டும். "தின்னுடுச்சு" என்றால் "தின்னுடுச்சு".

நோட்டரி_மாமா | செவ்வாய், காலை 10:10

சுருக்கமாக ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) படைப்பாளிக்கு வயது வரம்பு வைக்கவில்லை. கதைக்கு உரிமையாளர் அந்தச் சிறுமிதான். ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. எனவே நூலகத்துக்கு வெளியே பரப்புவதாயிருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தையின் குரலைச் சேர்ப்பதானால் இது முக்கியம். ஒலிக்கோப்பில் முதற்பெயரும் வயதும் போதும். பள்ளியும் தெருவும் வேண்டாம். தாளில் பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே குழந்தையும் கையெழுத்திட ஓரிடம் விடுங்கள். சட்டத்துக்கு அது தேவையில்லை, குழந்தைக்குத் தேவைப்படும்.

கரும்பலகை | செவ்வாய், மாலை 6:30

சாவு குறித்து மிச்சிகன் கரை சொன்ன தீர்வை ஏற்கிறேன். நீதி வாசகம் குறித்து இன்னும் முழுதாக உடன்படவில்லை. ஆனால் இன்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். ஒரு பையனிடம் கதை கேட்டு, அவன் முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். கதையை அதுவரை கைவீசிச் சொல்லிக்கொண்டிருந்தவன், கையைக் கட்டிக்கொண்டு, "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்றான். கதையில் பொய் எங்குமே வரவில்லை. இதை என் கருத்துக்கு எதிரான சான்றாகவே இங்கே பதிகிறேன்.

நூலகத்திண்ணை | அடுத்த ஞாயிறு, இரவு 8:55

அனைவருக்கும் நன்றி. மறுபடியும் செய்தோம். விவரம் சொல்கிறேன்.

பதிவு செய்வதற்கு முன் சனிக்கிழமை அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போய், அவளுடைய அம்மா அருகிலிருக்க அவளைப் பேட்டி கண்டோம். எருமைக்கு ஏன் சட்னி இல்லை என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "டிக்கெட்டைத் தின்னுச்சுல்ல, அதான்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதையின் முதல் வரிகளில் நடந்த தப்புக்குக் கடைசி வரியில் தண்டனை இருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் மேல் எங்கள் வாசகத்தை ஒட்டியிருக்கிறோம். கரும்பலகை அவர்களுக்கு இந்தச் செய்தியைத் தனியே சொல்ல விரும்பினேன்.

எந்தப் பாத்திரம் வேண்டும் என்று கேட்டதற்கு எருமையைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தோம். தான் பேருந்து என்றாள். எனவே பேருந்துக்கு இரண்டு வசனம் எழுதச் சொன்னோம். "எனக்குத் தாகமா இருக்கு" என்பது ஒன்று. "இப்ப வயிறு நெறஞ்சிருச்சு, யாரும் ஆட்டாதீங்க" என்பது மற்றொன்று. அவள் குரலிலேயே பதிந்தோம். எருமைக்கு நண்பர் ஒருவர் தம் சொந்தக் குரலில், பணி முடியும் நேரத்துக் களைப்போடு பேசினார். "ஆமாம்" போடுவதற்கு ஓய்வுபெற்ற ஒருவர் கிடைத்தார். அவர் கதையை நம்பிய நம்பிக்கையைக் கண்டு நாங்களே சற்றுப் பயந்தோம். செக்கரின் அலுவலகத் தமிழை நான் எடுத்துக்கொண்டேன். இட்லிக்காகக் காலை ஐந்தரைக்கு என் அத்தை வீட்டு அடுப்படியில் கைப்பேசியோடு நின்றேன். அத்தை மூடியைத் திறக்கும்போதெல்லாம் "வந்துட்டியா, ஒக்காரு" என்று சொல்லிக்கொண்டே திறந்ததால், நான்காவது ஈடு வரை காத்திருக்க நேர்ந்தது. மொத்தம் 4 நிமிடம் 40 நொடி வந்தது.

இன்று போட்டுக் காட்டினோம். சாவு வரியும் மௌனமும் வந்தபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. இட்லிச் சட்டி திறந்ததும் கூடமே வெடித்தது. அவள் சிரித்தாளா என்று பார்த்தேன். இல்லை. உதட்டை அசைத்து ஒவ்வொரு வசனத்தையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எழுந்துவந்து ஒரே ஒரு குறை சொன்னாள்: செக்கர் மீன்களை அதிகமாகத் திட்டிவிட்டாராம், அடுத்த தடவை மீன்களுக்கு சீசன் பாஸ் கொடுக்க வேண்டுமாம். ஒப்புதல் தாளில் அவள் தன் பெயருக்குக் கீழே ஒரு பேருந்தையும் வரைந்து கொடுத்திருக்கிறாள்.

இப்போது புதிய சிக்கல். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அடுத்த கதையைக் கொடுத்துவிட்டான். அதில் ஒரு கிணற்றுக்கு விக்கல் வருகிறது. விக்கும்போதெல்லாம் வாளியில் யாராவது ஒரு மாமா வெளியே வருகிறார். முறமும் அரிசியும் அவர்களே, கிணறு விக்கினால் எப்படி ஒலிக்கும்? தம்ளருக்குள் சோடா மூடியைப் போட்டுப் பார்த்தேன், அது தம்ளர் விக்குவதுபோலத்தான் இருக்கிறது.

முறமும்_அரிசியும் | அடுத்த ஞாயிறு, இரவு 9:20

எத்தனை மாமா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் தவலை வேண்டியிருக்கும்.